இருபத்தோரு பழமும் ஒரு பின்சம்மதமும்

1

போன ஆவணியில் எங்கள் அப்பா பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்த காலத்திலும் அவர் கிருஷ்ணகிரி சந்தையைத் தாண்டிப் போனவர் இல்லை. கடிதம் வந்து விழுந்தது ஜெர்மனியில், எங்கள் வீட்டு வாசல் பெட்டியில்.

நம் கோயில் மலரைப் படிக்கிறவர்களுக்கு இது விளங்க வேண்டும் என்றால் முதலில் என் பேரைச் சொல்லிவிட வேண்டும். நான் வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக் காவல் பார்த்த மாதப்பன் மகன் திம்மராயன். ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஓசூர் சிப்காட்டில் கிரைண்டிங் மெஷின் முன்னால் பதினோரு வருஷம் நின்றேன். அந்த மெஷினைச் செய்கிற ஊருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று அனுப்பினார்கள். மெஷின் போடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிறேன் என்று இங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். சாமி புண்ணியத்தில் பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. குளிர் பழகிவிட்டது. பாஷைதான் இன்னும் முழுசாகப் பழகவில்லை.

வந்த முதல் வாரம் பதிவு ஆபீஸில் ஒரு அம்மா என்னிடம் குடும்பப் பெயர் கேட்டார். வீட்டுக்கு என்ன பெயர் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "எங்க வீட்டுக்குப் பேரெல்லாம் வைக்கலைங்க, ஓட்டு வீடு" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டினார், அப்பா பெயரைக் கண்டுபிடித்தார், கட்டத்தில் போட்டார், முத்திரை குத்தினார். அன்றிலிருந்து நான் ஹெர் மாதப்பன். ஹெர் என்றால் நம் திரு. பின்னால் வந்த என் சம்சாரம் செல்விக்கும் மகள் தீபிகாவுக்கும் அதையே போட்டார்கள். பல் டாக்டரிடம் "மாதப்பன்" என்று கூப்பிட்டால் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நிற்போம்.

கடிதத்தை அனுப்பியவர் பக்கத்து வீட்டு ஹெர் கெஸ்லர். பக்கத்து வீடு என்றால் நடுவில் இடுப்பு உயர மரவேலி மட்டும்தான். ஆனாலும் தபால்தலை ஒட்டி, டைப் அடித்து, தபாலில் அனுப்பியிருந்தார். மேலே எங்கள் அப்பா பெயர். அதன் கீழே தடித்த எழுத்தில், பொருள்: ஊபர்ஃபால். பக்கத்தில் செக்‌ஷன் போடுகிற குறி, 911 என்று ஒரு நம்பர்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. போனை எடுத்து அந்த வரியைப் படம் பிடித்தேன். போன் தமிழில் சொன்னது: பொருள், கொள்ளைத் தாக்குதல்.

நம் பக்கம் செக்‌ஷன் நம்பர் போட்டு வீட்டுக்கு வந்த காகிதம் எதுவும் நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. அதற்கு மேல் நான் ஒரு வரி படிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

2

ஹெர் கெஸ்லருக்கு எழுபத்தெட்டு வயசு. இந்த ஊர் நிலப்பதிவு ஆபீஸில் நாற்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். நம் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சம்சாரம் தவறிவிட்டார். தினமும் காலை ஏழு மணிக்குச் செய்தித்தாள் எடுக்க வெளியே வருவார். என்னைப் பார்த்தால் "காலை வணக்கம், ஹெர் மாதப்பன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வீட்டுக்கு வந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. நாலு வருஷத்தில் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அவர் தோட்டத்தில் ஒரு பிளம் மரம். நாவல்பழ நிறம், பேரீச்சை நீளம். ஒரு கிளை வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் தொங்கும். ஆவணி பிறந்தால் எங்கள் புல்தரையில் பழம் கொட்டிக் கிடக்கும். நான் ஷிப்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு வாளியில் போட்டு அவர் கேட் ஓரம் வைத்துவிடுவேன். மறுநாள் காலி வாளி வேலிமேல் கவிழ்ந்திருக்கும்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா செய்ததைப் பார்த்த கை, அதுவாகச் செய்தது. எங்கள் வீடு ஓடையை ஒட்டி இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா, ராமய்யா என்பவர் தோப்பு. அவருடைய மாமரம் ஒன்று ஓடையைத் தாண்டி எங்கள் ஓட்டுமேல் கவிந்திருக்கும். காற்றடித்தால் காய் ஓட்டில் விழுந்து உருண்டு வாசலுக்கு வரும். அப்பா அதைத் துண்டில் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் போவார்.

"ஏமி மாதப்பா, நாலு காயைத் தூக்கினு இம்மாந் தூரமா?" என்று ராமய்யா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சிரிப்பார்.

"செட்டு மீதி, பண்டு மீதே" என்பார் அப்பா. மரம் உங்களது, பழமும் உங்களதுதான் என்று அர்த்தம்.

ராமய்யா அதில் பாதியைத் திருப்பித் துண்டில் போட்டு அனுப்புவார். "பாதி வூட்டுக்கு வரும்னு தெரிஞ்சிதான் உங்கப்பன் போறாரு" என்று அம்மா எங்களிடம் கிண்டல் செய்யும். இருக்கலாம். ஆனால் ராமய்யா ஊரில் இல்லாத நாளிலும் அப்பா போனார், காயைத் தோப்புக் கொட்டகையில் வைத்துவிட்டு வெறுந்துண்டோடு வந்தார்.

ஹெர் கெஸ்லர் பாதி தரவில்லை. "வாளியாவது திரும்பி வருதே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள் செல்வி. அவள் சாத்தூர்க்காரி. அவள் அப்பா ஓசூர் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு வந்தவர். ஓசூரில் வளர்ந்தும், ஜெர்மனிக்கு வந்தும் அவள் பேச்சு சாத்தூரை விடவில்லை.

இனிமேல்தான் என் விஷயம். பிள்ளையார் சதுர்த்தி வேலை நாளில் வந்தால் அன்றைக்குக் காலையில் விளக்கேற்றி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஓடுவோம். பெரிய படையல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சாமி இத்தனை வருஷத்தில் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. போன வருஷமும் அப்படித்தான். கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும்போதுதான் பழம் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது. எங்களுக்கோ இருபத்தோரு பழம் வைத்தே வழக்கம்.

"வாளி நிறைய இருக்குதே" என்றேன்.

"தரையில விழுந்ததைச் சாமிக்கு வைப்பாங்களா? பவளமல்லி ஒண்ணுதான் மண்ணுல விழுந்தாலும் ஆகும். பழத்துக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது" என்றாள் செல்வி.

நான் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, வேலி தாண்டி நம் பக்கம் வந்த கிளையிலிருந்து எண்ணி இருபத்தோரு பழம் பறித்தேன். ஹெர் கெஸ்லர் அந்த நேரம் சர்ச்சுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பூஜை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, தீபிகா பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டினாள், மறந்தே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதம்.

3

தீபிகாவுக்குப் பதினேழு வயசு. வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாம் அவள்தான் படித்துச் சொல்லுவாள். அவள் ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து இது வந்தது. சுற்றுலாவுக்குப் போன பிள்ளையிடம் போனில் போய், உங்கப்பன் மேல் கொள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்வியிடம் மட்டும் காட்டினேன்.

"இருபத்தோரு பழத்துக்கா கொள்ளைன்னு சொல்லுதாரு? ஆயுதம் என்னன்னு போட்டிருக்காரு, பிளாஸ்டிக் ஸ்டூலா?" என்றாள்.

"சிரிக்காத செல்வி. குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கோம். கேஸ் ஏதாவது இருக்கான்னு அதுல ஒரு கேள்வியே இருக்குது."

"அப்போ போய் மன்னிப்புக் கேளுங்க. வேலி அந்தா நிக்கி."

போயிருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளே அறுத்தது குடியுரிமை இல்லை. அந்தப் பழத்தை நான் தின்றிருந்தால் போகிறது, வயிற்றோடு போச்சு. பிள்ளையார் முன்னால் இலை போட்டு வைத்துவிட்டேன். கொள்ளையடித்ததைக் கும்பிட்டுப் படைத்திருக்கிறேன். அதுவும் கடிதம் எங்கள் அப்பா பேருக்கு. துண்டில் மாங்காய் கட்டி ஓடை தாண்டிய மனுஷன் பெயரும் கொள்ளை என்ற வார்த்தையும் ஒரே காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

மூன்று நாள் காலையில் விளக்கேற்றும்போது சாமி முகத்தைப் பார்க்காமல் திரியை மட்டும் பார்த்து ஏற்றினேன். பழம் பொறுக்கி வாளி வைக்கிற வேலையை மட்டும் விடவில்லை. விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். வைத்தால் திருடிவிட்டு நல்லவன் வேஷம் போடுகிற மாதிரி ஒரு கூச்சம். ஏழு மணி ஆவதற்குள் கிளம்பிவிடுவேன், காலை வணக்கம் சொல்ல வேண்டியிருக்குமே.

4

வெள்ளிக்கிழமை தீபிகா வந்தாள். முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை, கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க வாய் கோணியது. பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நீங்க இதை முழுசாப் படிச்சீங்களா?"

"முதல் வரி படிச்சேன். போதும்னு விட்டுட்டேன்."

"கொள்ளை இல்லப்பா. ஊபர்னா மேலே. ஃபால்னா விழுறது. வேலிக்கு மேலே விழுந்த பழம். அதுக்குச் சட்டத்துல இருக்கிற பழைய வார்த்தை இது. திருடன் மேலே வந்து விழுறானே, அதுக்கும் அதே வார்த்தை."

யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தானே சொல்கிறோம், மேலே விழுந்து பிடுங்கினான் என்று.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். நாலு வருஷமாக நீங்கள் என் வாசலில் பழம் வைக்கிறீர்கள். இந்த நாட்டுச் சட்டப்படி உங்கள் நிலத்தில் விழுந்த பழம் உங்கள் நிலத்தின் பழம். அப்படியானால் தினமும் உங்கள் சொத்தை எனக்குக் கொடுக்கிறீர்கள். முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டும். ஜாம் நன்றாக வந்ததால் சொல்லவில்லை. நிலப்பதிவு ஆபீஸில் இருந்த நான் இதை இனியும் வாங்கிக்கொண்டிருப்பது சரியில்லை.

செல்வி என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும். "கொள்ளைக்காரரே, காபி சாப்பிடுதீங்களா?" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் மூச்சு இறங்கியது உண்மை. உடனே இன்னொன்று தோன்றியது. "விழுந்தது நம்மளுதுன்னு சொல்றாரு. பறிச்சது?"

தீபிகா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதையும் எழுதியிருக்காருப்பா. கிளையில இருக்கிற வரைக்கும் அது மரத்துக்காரருது. ஆட்டவும் கூடாது, பறிக்கவும் கூடாது. அப்புறம்..."

"அப்புறம்?"

"நீங்க ஒரு நாளும் அப்படிச் செஞ்சதில்லை, அதுக்கு நன்றின்னு போட்டிருக்காரு."

காபி ஆறிப்போயிற்று. பார்த்தீர்களா வேடிக்கையை. சட்டம் எனக்குக் கொடுத்தது தரையில் விழுந்த பழத்தை. சாமிக்கு ஆவது கிளையில் இருக்கிற பழம். வாளி வாளியாக என்னுடையதை அவரிடம் கொடுத்துவிட்டு, எண்ணி இருபத்தொன்று மட்டும் அவருடையதை எடுத்திருக்கிறேன், அதைப் போய்ப் படைத்திருக்கிறேன். கொள்ளை என்று அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

5

மறுநாள் சனிக்கிழமை. செல்வி சுண்டல் தாளித்து ஒரு டப்பாவில் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் பத்து தடவை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஹெர் கெஸ்லர் கதவைத் திறந்ததும், மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபத்தோரு பிளம் பழத்தை உழுதீர்களா?"

பறிக்கிறதும் உழுகிறதும் அவர்கள் பாஷையில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற வார்த்தைகள். கையால் பறித்துக் காட்டினேன். "ஓ" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சமையலறையைப் பார்க்கிறேன். அலமாரியில் வரிசையாக ஜாம் பாட்டில்.

அவர் பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "முதலில் இதைச் சொல்லுங்கள். விழுந்ததை ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள்?" என்றார்.

அப்பா கதையைச் சொன்னேன். ஓடை, துண்டு, ராமய்யா எல்லாம். அவர் முகம் ஆபீஸ் நாளுக்குத் திரும்பிய மாதிரி பிரகாசமாகிவிட்டது.

"உங்கள் அப்பா ரோமாபுரிக்காரர்" என்றார்.

"வேப்பனப்பள்ளிங்க."

"சட்டத்தால் ரோமாபுரி" என்று சிரித்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் ரோமாபுரியில் பன்னிரண்டு பலகையில் சட்டத்தை எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தார்களாம். அவர்கள் கணக்கில் பழம் எங்கே விழுந்தாலும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். ஒருநாள் விட்டு ஒருநாள் அடுத்தவர் நிலத்தில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு போக அவருக்கு உரிமை உண்டு. பக்கத்துக்காரர் தடுக்கக்கூடாது.

"பிறகு ஏன் இங்கே மாத்தினீங்க?"

"மாற்றவில்லை. எங்களிடம் வேறு பழசு இருந்தது" என்றார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக் குடியானவர்கள் வழக்கத்தை எல்லாம் ஒருவர் எழுதி வைத்தாராம். அதில் வேலி தாண்டிப் படர்ந்த கொடிக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. வேர் யார் நிலத்திலோ அவர் தன் பக்கம் நின்று வேலி ஓரம் கையை விட்டு இழுக்கலாம். இழுப்பில் வந்தது அவருக்கு. வராமல் அந்தப் பக்கம் நின்றது பக்கத்துக்காரருக்கு. மரத்தின் நிழலையும் சருகையும் பொறுத்துக்கொள்கிறவனுக்குப் பழத்திலும் கொஞ்சம் சேரட்டும் என்பது அவர்கள் நியாயம். இன்றைய சட்டப் புத்தகத்தைச் சேர்த்துக் கட்டினவர்கள் பல இடத்தில் ரோமாபுரியை எடுத்தார்கள், வேலி ஓரத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை விட்டுவைத்தார்கள் என்றார்.

"இங்கிருந்து இரண்டு மணி நேரம் தெற்கே போனால் சுவிட்சர்லாந்து. அங்கே கிளையைப் பொறுத்துக்கொண்டவருக்குக் கிளையில் தொங்குகிற பழமும் சேரும். இதே ஸ்டூலை அங்கே போட்டிருந்தால் நீங்கள் குற்றவாளி இல்லை."

இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பக்கம் ஓடையைத் தாண்டினால் ஆந்திரா, கொஞ்சம் மேற்கே நடந்தால் கர்நாடகா. பஸ் டிக்கெட்டில் எழுத்து மாறும், கடையில் ரேட் மாறும், லாரிக்கு வரி மாறும். மாமரத்துக்கு மட்டும் அது தெரியாது, மூன்று பக்கமும் கிளை விடும். இதை அவரிடம் சொன்னேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு உள்ளே இருந்தது இறங்கவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். "உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. ஆனா அது உங்க பழமா இருக்கும்போதே சாமிக்கு வெச்சிட்டேன். இனிமே நீங்க கொடுத்தாலும் அன்னைக்கு வெச்சது வெச்சதுதானே. பின்னால போய் அதைச் சரி பண்ண முடியாதே."

அவர் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி சுண்டல் எடுத்துக்கொண்டார். பிறகு, "முடியும்" என்றார்.

சம்மதம் இரண்டு வகையாம். முன்னால் கொடுப்பதற்கு ஒரு வார்த்தை. பின்னால் கொடுப்பதற்கு வேறு வார்த்தை, கெனேமிகுங். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டவர் ஆபீஸில் டோக்கன் எடுத்து, ஃபோட்டோ ஒட்டி, அதற்காகத்தான் வருஷா வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அனுமதி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார், "எங்கள் சட்டப் புத்தகத்தில் அதற்குப் பின்சம்மதம் என்று அர்த்தம். உரிமைக்காரர் பின்னால் ஒப்புக்கொண்டால், அது காரியம் நடந்த நேரத்திலிருந்தே செல்லும். அந்த நிமிஷமே சம்மதம் இருந்ததாகக் கணக்கு. இது எங்கள் ஊர் வழக்கம் இல்லை, ரோமாபுரியிலிருந்து வந்தது. உங்கள் அப்பா கட்சி."

"சாமி இதை ஏத்துக்குமா?"

"அவர் ஆபீஸ் எங்கள் ஆபீஸோடு சேர்ந்தது இல்லை. ஆனால் என் பழம் என்ற வரைக்கும் நான் எழுதித் தரலாம்."

6

அவர் கையில் தரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தபால்தலை ஒட்டி வந்தது. மேலே ஹெர் மாதப்பன் என்று அப்பா பெயர். முதல் வரியை யார் உதவியும் இல்லாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்: இருபத்தோரு பழம் பறித்ததைப் பறித்த நேரத்திலிருந்தே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதுவே போதும். குங்குமம் வைத்து, மடித்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே சொருகிவிட்டேன். அன்றைக்குச் சாமி முகத்தைப் பார்த்து விளக்கேற்றினேன்.

"சாமிக்கே ரசீது போட்டுக் கொடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் செல்வி.

ஊரில் இருக்கிற தம்பி முருகேசனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவன் போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு மாமரமும் பக்கத்து மனைக்குள் போகிறது. அங்கே குடிவந்த திருச்சிக்காரர் பழம் பொறுக்குகிறார் என்று ரெண்டு வருஷமாக அவனுக்கு மனத்தாங்கல்.

"விழுந்தது அவருதுன்னு விட்டுடுடா. இங்கே சட்டமே அதுதான்" என்றேன்.

"அண்ணா, அந்த ஜெர்மன் சட்டத்த அங்கியே பத்திரமா வெச்சிக்கோ. இங்க நம்ம வக்கீலு, மரம் யாருதோ பழமும் அவங்குளுதுதான், வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே அப்பிடித்தான்னு சொல்லிட்டாரு."

"அப்போ போய்ப் பொறுக்கிக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் போகலாமாம், ரோமாபுரியில."

"யாரு ஊரு அது?"

அதற்குள் பஸ்ஸில் யாரோ கன்னடத்தில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள், அவன் கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் திரும்பி வந்தான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போன மாசம் பேசினபோது, அந்தத் திருச்சிக்காரர் சம்சாரம் அவன் மரத்துக் காயிலேயே ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் கொடுத்ததாகச் சொன்னான். வாங்கிக்கொண்டாயா என்று கேட்டேன். நல்லா இருந்தது என்றான்.

நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். சட்டம் பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது கோயில்தான். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிறோம், தரைக்கு டைல்ஸ் போடுகிறோம், பல்பு மாட்டுகிறோம். உள்ளே இருக்கிற மூலவரை யாரும் புதுசாகச் செய்வதில்லை. சட்டமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மேலே புது நம்பர், புது அச்சு. உள்ளே யாரோ ஒரு குடியானவன் வேலி ஓரம் நின்று கொடியை இழுத்துக்கொண்டிருக்கிறான். நம் ஊரிலும் பாட்டன் சொத்தில் பேரனுக்குப் பிறந்தவுடனே பங்கு என்கிறோம். கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவர் அது ஆயிரம் வருஷத்து வழக்கம், இப்போது பேத்தியையும் சேர்த்திருக்கிறார்கள் என்று முன்பு ஒரு தடவை விளக்கினார். பழசின்மேல் ஒரு வரி கூட்டினார்கள், பழசை இடிக்கவில்லை.

போன வருஷக் கடைசியில் குடியுரிமை வந்தது. நம் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு மட்டும் மனசு கொஞ்சம் கனமாக இருந்தது. தீபிகாவுக்கு இல்லை. அவள் இங்கே சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொழுக்கட்டையை நூடுல்ஸோடு சேர்த்துச் சாப்பிடுகிற பிள்ளை. பூஜைக்கு உட்கார் என்றால் எத்தனை நிமிஷம் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு உட்காருகிறாள். நான் அதோடு நிம்மதியாக இருக்கிறேன்.

7

இந்த ஆவணியில் நான் உஷாராகிவிட்டேன். வாளி இப்போது எங்கள் சமையலறைக்குத்தான் வருகிறது. செல்வி ஜாம் போடக் கற்றுக்கொண்டு, அதில் மிளகாய்த்தூளும் போட்டுவிட்டாள். ஹெர் கெஸ்லருக்கு ஒரு பாட்டில் போயிற்று. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார் என்று கேள்வி.

படையலுக்கு முதல் நாள், காலை ஏழு மணிக்கு அவர் செய்தித்தாள் எடுக்க வந்தபோது வேலி ஓரம் நின்றேன். சட்டை மாற்றி, தலை சீவி, முறையாகக் கேட்கப் போனேன்.

"ஹெர் கெஸ்லர், நாளைக்குச் சாமிக்கு இருபத்தோரு பழம் வேணும். பறிச்சிக்கலாமா? இந்தத் தடவை முன்னாலேயே கேக்கிறேன்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "கேட்க வேண்டியதில்லையே. போன வருஷமே எழுதிக் கொடுத்துவிட்டேனே."

"அது போன வருஷத்துப் பழத்துக்கு."

"கடிதம் எங்கே இருக்கிறது?"

பூஜை அலமாரியில் என்றேன். எடுத்துவரச் சொன்னார். நான் உள்ளே போய்ப் படத்தை நகர்த்தி எடுத்தேன். ஒரு வருஷத்துக் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி ஓரம் பழுத்திருந்தது. தீபிகா அப்போதுதான் எழுந்து வந்தாள், கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். முதல் வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

"அப்பா, இதை எனக்கு நீங்க காட்டவே இல்லையே" என்றாள். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னாள். "மரம் நிக்கிற வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் இந்தச் சாமிக்கு இருபத்தோரு பழம். அதுக்கு இப்பவே சம்மதம். எனக்கப்புறம் வீட்டுக்கு வர்றவங்களுக்கும் இதைச் சொல்லியிருக்கேன்."

நான் வெளியே வந்தபோது ஹெர் கெஸ்லர் செய்தித்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"முதல் வரி பின்சம்மதம். மற்ற இரண்டும் முன்சம்மதம்" என்றார். "நீங்கள் கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும், ஹெர் மாதப்பன். எப்போது பார்த்தாலும் முதல் வரியோடு நின்றுவிடுகிறீர்கள்."

எங்கள் அப்பாவுக்கு எழுத்தே தெரியாது. இருந்தாலும் அவர் பெயருக்கும் சேர்த்து நான் ஆகட்டும் என்று தலையாட்டினேன். பிறகு உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்தேன்.